2006 மாருதி 800: புகை டெஸ்ட்ல ஃபெயில், சைலன்ஸர் ஓட்டையை அடைச்ச பிறகு ரீடிங் இன்னும் ஏறிடுச்சு

மதுரை_எண்ணூறு
3 ஜனவரி, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2006 மாருதி 800, எம்.பி.எஃப்.ஐ (கார்பரேட்டர் இல்லாத இன்ஜெக்‌ஷன் வண்டி), புகை விதிப்படி பி.எஸ்-2 வகை. அப்பா வாங்கினது. இதுவரைக்கும் 1,14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. 2021-ல ஆர்.சி.யை அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சோம், இந்த மார்ச்சோட அது முடியுது. மறுபடி எஃப்.சி.க்குப் போகணும்னா முதல்ல புகைச் சான்று கையில இருக்கணும்.

போன வாரம் டெஸ்ட்டுக்குக் கொண்டுபோனேன். கார்பன் மோனாக்சைடு 1.9 சதவீதம். நம்ம வண்டிக்கு 0.5 தாண்டக் கூடாதாம். ஹைட்ரோகார்பன், அதாவது எரியாத பெட்ரோல், 410, அதுக்கு அளவு 750, அதனால அது பாஸ். சென்டர்ல இருந்த தம்பி வண்டிக்கு அடியில குனிஞ்சு பார்த்துட்டு, "சைலன்ஸர் ஓட்டையா இருக்குண்ணே, அதை அடைச்சிட்டு வாங்க"ன்னு சொன்னார். உண்மைதான், பின்னாடி டப்பாவோட அடிப்பக்கம் துரு தின்னு விரல் நுழையுற அளவுக்கு ஓட்டை. ஆறு மாசமா டிராக்டர் மாதிரி சத்தம்.

நேத்து பட்டறையில தகடு வச்சு வெல்டிங் அடிச்சேன். 600 ரூபாய். சத்தம் போயிடுச்சு. இன்னைக்குக் காலையில சந்தோஷமா மறுபடி டெஸ்ட்டுக்குப் போனா, 2.6! முன்னைக்கு இப்ப அதிகம். ஹைட்ரோகார்பனும் 570 ஆயிடுச்சு.

ஓட்டையை அடைச்சா குறையணும், எப்படி ஏறும்? பட்டறைக்காரர் கேட்-கான் (புகையைச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டர்) போயிருக்கும், மாத்துங்கன்னு சொல்றார். அதோட விலையைக் கேட்டா வண்டி விலையில பாதி வருது. வீட்டுல எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துடலாம்னு பேச்சு ஆரம்பிச்சிடுச்சு. எனக்கு மனசு வரலை. யாராவது வழி சொல்லுங்க.


வைகை_ஓரம்
3 ஜனவரி, இரவு 9.40

எதுக்கு நண்பா இவ்வளவு மெனக்கெடுறீங்க? நம்பர் பிளேட்டை மட்டும் போட்டோ எடுத்துட்டு, புகைக் குழாயில டெஸ்ட் மெஷினோட கம்பியே விடாம சான்று அடிச்சுக் குடுக்கற ஆளுங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. நூறு இருநூறு கூட ஆகும், அவ்வளவுதான். எஃப்.சி. முடிஞ்சதும் நிதானமா பாத்துக்கலாம்.


மதுரை_எண்ணூறு
3 ஜனவரி, இரவு 9.58

வேண்டாம் நண்பா. நல்லதுக்குத்தான் சொல்றீங்க, புரியுது. ஆனா பின்சீட்டுல என் பொண்ணு உட்கார்ந்து ஸ்கூலுக்குப் போறா. சிக்னல்ல நின்னா உள்ள ஒரு வாடை வருது, போன மாசம் ரெண்டு தடவை தலைவலின்னு சொன்னா. பேப்பர் வாங்கிட்டா அந்த வாடை போகாது. மைலேஜும் 17 குடுத்தது இப்ப 13-ல நிக்குது. வண்டியில ஏதோ கோளாறு இருக்கு, அது என்னன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.


பழைய_ஃபோர்மேன்
4 ஜனவரி, காலை 6.25

தம்பி, முதலில் ஒன்று. கண்டுபிடிக்கிற வரைக்கும் குழந்தையை ஏற்றிக்கொண்டு கண்ணாடியை மூடி ஓட்டாதீர்கள். உங்களுக்குத் தெரிகிற வாடை எரியாத பெட்ரோலுடையது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. வாடை வருகிற வழியாக அதுவும் சேர்ந்து வரும். தலைவலி அதன் முதல் அறிகுறி.

இரண்டாவது, இரண்டு டெஸ்ட்டின் ரசீதையோ திரையின் போட்டோவையோ போடுங்கள். நான்கு வாயு பார்க்கிற மெஷினாக இருந்தால் கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன் இரண்டும் திரையில் வந்திருக்கும். பாஸ், ஃபெயில் முடிவுக்கு அதை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் நோய் என்னவென்று சொல்வது அந்த இரண்டு எண்கள்தான். அதைப் பார்க்காமல் கேட்-கானுக்குப் பணம் கட்டாதீர்கள்.

முப்பத்தொரு வருடம் பட்டறையில் நின்றவன். ஃபெயில் ஆகி வருகிற பழைய பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கேட்-கான் மாற்ற வேண்டி வந்ததே இல்லை.


மதுரை_எண்ணூறு
4 ஜனவரி, காலை 8.10

ஐயா, ரொம்ப நன்றி. நல்லவேளை, ரெண்டு தடவையும் திரையை போட்டோ எடுத்து வச்சிருந்தேன். அதுல இருக்கறது:

முதல் டெஸ்ட்: சி.ஓ (கார்பன் மோனாக்சைடு) 1.9, எச்.சி (ஹைட்ரோகார்பன்) 410, கார்பன் டை ஆக்சைடு 9.4, ஆக்சிஜன் 6.1.
ரெண்டாவது டெஸ்ட்: சி.ஓ 2.6, எச்.சி 570, கார்பன் டை ஆக்சைடு 13.0, ஆக்சிஜன் 0.8.


பழைய_ஃபோர்மேன்
4 ஜனவரி, காலை 9.05

இதைத்தான் எதிர்பார்த்தேன். உங்கள் வண்டி மோசமாகவில்லை தம்பி. முதல் நாளும் அது இதே புகையைத்தான் விட்டது. முதல் நாள் மெஷின் பார்த்தது தண்ணீர் ஊற்றிய மோர், இரண்டாம் நாள் பார்த்தது கெட்டி மோர்.

வெளிக்காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம். ஒழுங்காக எரிந்த புகையில் அது அரை, முக்கால் சதவீதத்துக்கு மேல் இருக்காது. உங்களுக்கு 6.1 காட்டியிருக்கிறது. மெஷினுக்குப் போனதில் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் வெளிக்காற்று என்று அர்த்தம். அந்த ஓட்டை வழியாகப் புகை வெளியே மட்டும் போகவில்லை, துடிப்புக்குத் துடிப்பு காற்றும் உள்ளே வந்திருக்கிறது. 1.9-ஐ எழுபது சதவீதமாக வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 2.7 வரும். இரண்டாம் நாள் ரீடிங் 2.6. எச்.சி.யும் அதே விகிதத்தில்தான் ஏறியிருக்கிறது.

ஆகவே சைலன்ஸரை அடைத்தது சரியான வேலை. ஆனால் ஃபெயிலுக்குக் காரணம் அது இல்லை. எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. எச்.சி. அளவுக்குள் இருப்பதால் பிளக் அடிக்காமல் விடுவது போன்ற கோளாறு இல்லை. புகையில் மிச்ச ஆக்சிஜன் இல்லாதபோது கேட்-கான் புதிதாக இருந்தாலும் சி.ஓ.வை எரிக்க முடியாது, எதை வைத்து எரிக்கும்? இன்றைக்குப் புதுசு வாங்கிப் போட்டாலும் மறுபடி ஃபெயில்தான் ஆகியிருக்கும்.

இனி முன்பக்கத்திலிருந்து வர வேண்டும். மூன்று கேள்வி. காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் பக்கம் 'டிக் டிக்' என்று சத்தம் வந்து, சூடானதும் நின்றுவிடுகிறதா? ஹீட் மீட்டர் முள் எங்கே நிற்கிறது? பிளக்கைக் கழற்றினால் என்ன நிறம்?


சேலம்_டாக்ஸி
4 ஜனவரி, காலை 10.30

ஐயா சொல்றது சரி. ஆனா ஒண்ணு, சென்டர்ல வண்டியை எந்த வகையில போட்டாங்கன்னும் பாருங்க. பி.எஸ்-2, பி.எஸ்-3 பெட்ரோல் காருக்கு சி.ஓ 0.5, எச்.சி 750. பி.எஸ்-4-ன்னு போட்டுட்டா 0.3, 200 ஆயிடும். அதுக்கும் முந்தின காருக்கு 3.0, 1500. என் சித்தப்பாவோட பழைய கார்பரேட்டர் வண்டியைத் தப்பான வகையில போட்டு ஃபெயில் குடுத்துட்டாங்க, ஆர்.சி.யைக் காட்டின பிறகுதான் மாத்தினாங்க. இவருக்கு 0.5-தான் சொல்லியிருக்காங்க, அதனால அது சரியாத்தான் இருக்கு. மத்தவங்களுக்கு உதவுமேன்னு சொன்னேன்.

பேப்பர் இல்லாம மாட்டினா சட்டத்துல 10,000 வரைக்கும் அபராதம் இருக்கு, 2019 திருத்தத்துக்கு அப்புறம். வாடகை வண்டிக்காரனுக்கு அது ஒரு வாரச் சம்பாத்தியம்.


குமரி_ஜென்
4 ஜனவரி, மதியம் 1.15

எனக்கும் இதே பிரச்சினை, அதனால் இந்த இழையைப் பிடித்துக்கொள்கிறேன். 2003 ஜென். நாங்கள் குளச்சல் பக்கம், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. மூன்று வருடத்துக்கு ஒரு சைலன்ஸர் போகிறது. உப்புக்காற்றுதான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் டப்பாவை வெட்டிப் பார்த்தபோது வெளியே இருந்ததைவிட உள்ளேதான் துரு அதிகம். அது ஏன்?


பழைய_ஃபோர்மேன்
4 ஜனவரி, மதியம் 2.40

நல்ல கேள்வி அம்மா. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எஞ்சின் சூடேறி, குழாய் முழுக்கக் கொதித்தால் அது ஆவியாகவே வெளியே போய்விடும். கடைக்கும் கோயிலுக்கும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் பின் டப்பா சூடாவதற்குள் வண்டி நின்றுவிடும். ஆவி அங்கேயே தண்ணீராகித் தங்கும். அதில் புகையின் அமிலமும் கரைந்திருக்கும். அதனால்தான் எஞ்சினுக்கு மிகத் தூரத்தில் இருக்கிற கடைசி டப்பா முதலில் ஓட்டையாகிறது. உப்புக்காற்று வெளியிலிருந்து தின்கிறது, இது உள்ளேயிருந்து தின்கிறது.

அதற்காகவே பல சைலன்ஸர்களில் அடியில் ஒரு சின்னத் துளை வைத்திருப்பார்கள், தண்ணீர் வடிய. ஓட்டை என்று நினைத்து வெல்டிங்காரர்கள் அதையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள். தம்பி, உங்கள் பட்டறையில் அதை அடைத்தார்களா என்று பாருங்கள்.

அம்மா, வாரம் ஒருமுறை இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். நாகர்கோவில் வரை போய் வாருங்கள். டப்பாவின் ஆயுள் கூடும்.


மதுரை_எண்ணூறு
5 ஜனவரி, இரவு 8.30

ஐயா, நீங்க பக்கத்துல நின்னு பாத்த மாதிரியே கேட்டிருக்கீங்க.

சத்தம்: ஆமா. காலையில ரெண்டு மூணு நிமிஷம் டிக் டிக்குன்னு வரும். டேப்பெட் சத்தம்னு நினைச்சு இதுவரைக்கும் ரெண்டு தடவை அட்ஜஸ்ட் பண்ணிட்டேன். சூடானதும் நின்னுடும்.
முள்: கால்வாசிக்கு மேல ஏறினதே இல்லை. வண்டி நல்லா கூலா ஓடுதுன்னு பெருமையா நினைச்சிருந்தேன்.
பிளக்: மூணுமே கரி. அடுப்புக்கரி மாதிரி தொட்டா கையில ஒட்டுது.

முள் ஏறாததுக்கு தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகற வரைக்கும் கூலன்ட்டைத் தடுத்து வைக்கிற வால்வு) காரணமா இருக்குமோன்னு அப்பாவோட பழைய மெக்கானிக்கை போன்ல கேட்டேன். "அது 2015-லயே கழட்டிப் போட்டாச்சே தம்பி, நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு"ன்னார்.


சேலம்_டாக்ஸி
5 ஜனவரி, இரவு 9.02

அதுல தப்பு ஒண்ணும் இல்லையே. ஏற்காடு மலையில நாங்க ஓட்டின வண்டி எல்லாத்துலயும் தெர்மோஸ்டாட்டைக் கழட்டித்தான் ஓட்டினோம். அது மாட்டிக்கிட்டுத் திறக்கலைன்னா ஹெட் கேஸ்கெட் போயிடும், எஞ்சினையே இறக்கணும். ரிஸ்க் எதுக்கு? இருபது வருஷ அனுபவத்துல சொல்றேன்.


பழைய_ஃபோர்மேன்
5 ஜனவரி, இரவு 9.45

உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். நீங்கள் சொல்வது கார்பரேட்டர் வண்டிக்கும் பழைய டீசலுக்கும் ஓரளவு சரி. இன்ஜெக்‌ஷன் வண்டிக்குக் கணக்கு வேறு.

இந்த வண்டியில் எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று ஈ.சி.யூ. என்கிற கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. கூலன்ட் சூட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் பெட்ரோல் எஞ்சினின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும், சரியாக ஆவியாகாது. அதனால் கூடுதலாக விடும். பழைய நாளில் சோக்கை இழுத்துவிட்டு ஓட்டினோமே, அதே வேலைதான். தெர்மோஸ்டாட் 82 டிகிரி வாக்கில் திறக்கிற வால்வு. அது இருந்தால் ஐந்து நிமிடத்தில் எஞ்சின் சூட்டுக்கு வந்துவிடும், கூடுதல் பெட்ரோல் நிற்கும். அதைக் கழற்றினால் ஜனவரி மாதக் காலையில் டெஸ்ட் சென்டர் போய்ச் சேரும்வரை எஞ்சின் ஐம்பது அறுபதைத் தாண்டாது. பத்து வருடமாக இந்த வண்டி சோக்கை இழுத்துவிட்டபடியே ஓடிக்கொண்டிருக்கிறது. மைலேஜ் போனதும், பிளக் கரியானதும், எஞ்சின் ஆயில் சீக்கிரம் கெடுவதும் இதிலிருந்துதான்.

மாட்டிக்கொள்ளும் என்ற பயத்துக்கு மருந்து, நல்ல கம்பெனி வால்வு போட்டு, கூலன்ட்டை ஒழுங்காக மாற்றுவது. குழாய்த் தண்ணீர் ஊற்றி உப்புப் படிந்ததால்தான் அந்த வால்வுகள் மாட்டிக்கொண்டன.

ஆனால் இது பாதிக் கதைதான். அந்த 'டிக் டிக்' சத்தம் இன்னொரு பாதி. மேனிஃபோல்டு, அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே கொண்டுபோகிற குழாய், எஞ்சின் ஹெட்டோடு சேருகிற இடத்தில் கேஸ்கெட் (நடுவில் வைக்கிற அடைப்புத் தகடு) வழியாகப் புகை ஊதுகிறது. இரும்பு சூடாகி விரிந்ததும் இடைவெளி குறைந்து சத்தம் நின்றுவிடுகிறது, கசிவு நிற்பதில்லை. வாடை உள்ளே வருவதும் அங்கிருந்துதான் இருக்கும். அதன்மேல் இருக்கிற வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு, கருப்பாகப் புகைக்கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது செய்யுங்கள்.


யாழ்_ஏ40
6 ஜனவரி, காலை 7.20

வணக்கம். நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் இன்னும் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் ஓடுது. இங்கயும் வருசா வருசம் புகைப் பரிசோதனைப் பத்திரம் இல்லாமல் வாகன வரிப் பத்திரம் எடுக்கேலாது. 2008-ல கொழும்புப் பக்கம் தொடங்கின நடைமுறை, பிறகு எல்லா இடமும் வந்திட்டுது.

ஐயாவிட்ட ஒரு கேள்வி. எங்கட வாகனத்தில சென்சரும் இல்லை, கொம்பியூட்டரும் இல்லை. மேனிஃபோல்ட் ஊதினாலும் பெற்றோல் கூடாது தானே? பிறகேன் இவற்றை காருக்கு அது கூடுது?


பழைய_ஃபோர்மேன்
6 ஜனவரி, காலை 8.15

சரியாகப் பிடித்தீர்கள். உங்கள் ஏ40-இல் மேனிஃபோல்டு ஊதினால் சத்தமும் வாடையும் மட்டும்தான், கலவை மாறாது. அங்கே கார்பரேட்டர் ஸ்க்ரூவும் காற்று ஃபில்டரும் பார்த்தால் போதும்.

இந்த 800-இல் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று அது ஈ.சி.யூ.வுக்குச் சொல்கிறது. பெட்ரோல் அதிகம் என்றால் 0.9 வோல்ட் வரை, குறைவு என்றால் 0.1 வரை. நல்ல வண்டியில் இது இரண்டுக்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சென்சாருக்கு முன்னால் விரிசல் இருந்தால், ஒரு சிலிண்டர் ஊதி முடித்து அடுத்தது ஊதுவதற்குள் குழாயில் அழுத்தம் கணநேரம் குறையும். அப்போது வெளிக்காற்று உள்ளே வரும். அந்தக் காற்றின் ஆக்சிஜனைச் சென்சார் பார்த்துவிட்டு, "பெட்ரோல் போதவில்லை" என்று சொல்லும். சென்சார் பொய் சொல்லவில்லை, அது பார்த்ததைத்தான் சொல்கிறது. ஈ.சி.யூ. அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். எவ்வளவு கூட்டினாலும் அந்தக் காற்று வந்துகொண்டேதான் இருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், கடைசி டப்பாவில் இருக்கிற விரல் அளவு ஓட்டை ரீடிங்கை மறைக்கும். மேனிஃபோல்டில் இருக்கிற மயிரிழை ரீடிங்கையே கெடுக்கும்.

தம்பி, மல்டிமீட்டர் இருந்தால் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு சென்சார் ஒயரில் வோல்ட் பாருங்கள்.


மதுரை_எண்ணூறு
7 ஜனவரி, இரவு 10.05

பாத்துட்டேன் ஐயா. அரை மணி நேரம் ஓட்டி வந்து பாத்தேன். 0.1, 0.15-லயே நிக்குது, அசையவே இல்லை. பிளக் எல்லாம் கரி, ஆனா சென்சார் பெட்ரோல் கம்மின்னு சொல்லுது. உங்க வார்த்தையைப் படிக்கலைன்னா சென்சார் செத்துப்போச்சுன்னு நினைச்சு அதை மாத்தியிருப்பேன்.

தகட்டைக் கழட்டினேன். மூணாவது சிலிண்டர் பக்கம் ஹெட்ல விசிறி மாதிரி கருப்பா புகை படிஞ்சிருக்கு. மேனிஃபோல்டை ஹெட்டோட பிடிக்கிற மரைக்கம்பிகள்ல (ஸ்டட்) கடைசி ஸ்டட் பாதியில முறிஞ்சு, நட்டே இல்லை. எத்தனை வருஷமா இப்படியோ.

மத்த நட்டெல்லாம் துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. கை வைக்கப் பயமா இருக்கு. முறிஞ்ச ஸ்டட்டை எப்படி எடுக்கறது? சிலிக்கான் பேஸ்ட் போட்டு அடைச்சா நிக்குமா?


கோவை_லேத்
8 ஜனவரி, காலை 6.50

தம்பி, சிலிக்கான் பக்கமே போகாதீங்க. அந்தச் சூட்டுல ஒரு வாரம் நிக்காது, அது மட்டுமில்லீங்க, எரிஞ்சு வர்ற சிலிக்கா சென்சார் மேல படிஞ்சு நல்லா இருக்கறதையும் கொன்னுடும். பேண்டேஜ் துணி, புட்டி இதெல்லாம் பின்னாடி பைப்புக்கு அவசரத்துக்குச் சரி. மேனிஃபோல்டுக்கு ஆகாதுங்க.

நாப்பது வருசமா லேத் ஓட்டறேன், முறிஞ்ச ஸ்டட் எனக்கு தினசரி வேலை. இப்படிச் செய்யுங்க. இன்னைக்கு ராத்திரியே எல்லா நட்டு மேலயும் துருவை இளக்கற ஆயில் அடிச்சு விட்டுடுங்க. நாளைக்கும் ஒருக்கா. அப்புறம் கேஸ் டார்ச்சுல நட்டை மட்டும் சிவக்கக் காட்டி, ஆற ஆற முன்னுக்குக் கொஞ்சம், பின்னுக்குக் கொஞ்சம் திருப்பணும். ஒரே இழுப்புல கழட்டப் பாத்தீங்கன்னா இன்னும் ரெண்டு முறியும். பெட்ரோல் ஹோஸ் எங்க போகுதுன்னு பாத்து ஈரச்சாக்குப் போட்டுட்டுத்தான் டார்ச்சை எடுக்கணும், பக்கத்துல ஒருத்தர் தண்ணியோட நிக்கணும்.

முறிஞ்ச ஸ்டட் ஹெட்டுக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருந்தா யோகம். அது மேல ஒரு நட்டை வச்சு உள்ளார வெல்டிங் அடிக்கணும். அந்தச் சூட்டுலயே துரு விட்டுக்கும், ஸ்பேனர் போட்டா வந்துடும். ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு, அதனால வெல்டிங் ஹெட்டுல புடிக்காது. ட்ரில் போட்டு எடுக்கறது கடைசி வழி. கோணலாப் போச்சுன்னா ஹெட்டைக் கழட்டணும்.

வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவைக் கழட்டிடுங்க, ஈ.சி.யூ. கனெக்டரையும் உருவிடுங்க. இதை ஒருத்தரும் செய்யறதில்லீங்க, அப்புறம் வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னு வந்து நிப்பாங்க.


கோவை_லேத்
8 ஜனவரி, காலை 7.05

முக்கியமானதை விட்டுட்டேன். மேனிஃபோல்டைக் கழட்டினதும் அப்படியே புது கேஸ்கெட் போட்டு மாட்டிடாதீங்க. ஒரு பக்கம் நட்டு இல்லாம வருசக்கணக்குல சூடாகி ஆறினது கண்டிப்பா வளைஞ்சிருக்கும். கண்ணாடி மேல வச்சுப் பாருங்க, ஆடும். லேத்துலயோ சர்ஃபேஸ் கிரைண்டர்லயோ முகத்தைத் தேய்ச்சு மட்டம் பண்ணிக்குங்க. அரை மணி நேர வேலை. இதைச் செய்யாததால்தான் கேஸ்கெட் மாத்தி மாத்திப் போட்டும் ஊதுதுன்னு சொல்றாங்க.


வைகை_ஓரம்
8 ஜனவரி, காலை 11.20

முதல்ல பேப்பர் வாங்கச் சொன்னது நான்தான். மூணு நாளா இந்த இழையைப் படிச்சிட்டிருக்கேன். அந்த யோசனையைத் திரும்ப வாங்கிக்கறேன். நானும் மதுரைதான், ஒத்தக்கடை பக்கம் மேனிஃபோல்டு தேய்க்கிற லேத் ஒண்ணு தெரியும். ஸ்டட் எடுக்கறதுக்கும் நல்ல வெல்டர் இருக்கார், மெல்லிசு தகட்டுல ஓட்டை விழாம அடிப்பார். தனிச்செய்தியில நம்பர் அனுப்பறேன். பொங்கலுக்குக் கடை மூடறதுக்குள்ள போயிடுங்க.


மதுரை_எண்ணூறு
12 ஜனவரி, இரவு 9.30

மூணு நாள் வேலை. கொஞ்சம் விவரமாவே எழுதறேன், பின்னாடி தேடி வர்றவங்களுக்கு உதவும்.

வியாழன், வெள்ளி ரெண்டு ராத்திரியும் ஆயில் அடிச்சு ஊற விட்டேன். சனிக்கிழமை வைகை_ஓரம் அண்ணனே கூட வந்தார். நல்லா இருந்த நட்டுல ஒண்ணு மட்டும் ஸ்டட்டோட சேர்ந்து வந்தது, மத்ததெல்லாம் கோவை அண்ணன் சொன்ன மாதிரி முன்னும் பின்னுமா திருப்பி எடுத்தோம். முறிஞ்சது ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கிட்டு இருந்தது. முதல் தடவை வெல்டிங் வச்ச நட்டு கையோட வந்துடுச்சு. ரெண்டாவது தடவை வெல்டர் நிதானமா அடிச்சார், இன்னும் சூடு இருக்கும்போதே திருப்பினோம், கிரீச்னு ஒரு சத்தம், சுத்த ஆரம்பிச்சிடுச்சு. அப்ப எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது.

மேனிஃபோல்டைக் கண்ணாடி மேல வச்சோம். ஓரத்துல ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கிட்டு இருந்தது. லேத்துல மட்டம் பண்ணி, புது ஸ்டட், பித்தளை நட்டு, புது கேஸ்கெட். நடுவுலேர்ந்து ஆரம்பிச்சு ஓரத்துக்கு, மூணு சுத்தா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கினோம். ஞாயித்துக்கிழமை ஓட்டி, ஆற விட்டு, மறுபடி ஒரு தடவை இறுக்கினேன். கால் திருப்பு போச்சு.

காலையில டிக் டிக் இல்லை. உள்ள வாடை இல்லை.

இன்னைக்குக் காலையில தெர்மோஸ்டாட் போடறதுக்கு முன்னாடி வேணும்னே ஒரு டெஸ்ட் எடுத்தேன், எது எவ்வளவுன்னு தெரிஞ்சுக்க. எஞ்சின் குளிர்ச்சியாவே போனேன். சி.ஓ 1.1. பாதிக்கு மேல குறைஞ்சிடுச்சு, ஆனாலும் ஃபெயில். மத்தியானம் தெர்மோஸ்டாட், புது கூலன்ட், காத்து ஃபில்டர், பிளக் எல்லாம் போட்டேன். முள் இப்ப பாதியில வந்து ஆடாம நிக்குது. ரிங் ரோட்டுல இருபது நிமிஷம் ஓட்டிட்டு, எஞ்சினை நிறுத்தாமலே சென்டர்ல நின்னேன்.

சி.ஓ 0.18. எச்.சி 95. கார்பன் டை ஆக்சைடு 14.7. ஆக்சிஜன் 0.3. பாஸ்.

மொத்தம் 3,100 ரூபாய் ஆச்சு, முதல்ல வச்ச தகட்டையும் சேர்த்து. கேட்-கான் அதேதான், 2006-ல கம்பெனியில போட்டது.


பழைய_ஃபோர்மேன்
12 ஜனவரி, இரவு 9.50

மிகவும் சந்தோஷம் தம்பி. இடையில் ஒரு டெஸ்ட் எடுத்தீர்களே, அது நல்ல மெக்கானிக்கின் குணம். 14.7-ஐப் பார்த்தீர்களா, பெட்ரோல் முழுக்க எரிகிறது என்று அர்த்தம். கேட்-கானும் உயிரோடு இருக்கிறது. அது இல்லாமல் 0.18 வராது. ஏறக்குறைய 250, 300 டிகிரி வந்த பிறகுதான் அது வேலையே தொடங்கும், அதனால் எஞ்சினை நிறுத்தாமல் நின்றது சரி.

ஒரு எச்சரிக்கை எல்லோருக்கும். உங்கள் கேட்-கானைப் 'பழசு, அடைத்துக்கொண்டது' என்று சொல்லிக் கழற்றி, உள்ளே இருக்கிற தேன்கூடு மாதிரியான பாகத்தை எடுத்துவிட்டு வெறும் டப்பாவை மாட்டித் தருகிற இடங்கள் உண்டு. அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது, பழசுக்கும் நல்ல விலை. கழற்றினால் நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.


குமரி_ஜென்
13 ஜனவரி, காலை 7.40

வாழ்த்துகள்! ஒரே ஒரு சந்தேகம். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. பழைய வண்டிக்கு அதனால்தான் ஃபெயில் ஆகிறது என்று எங்கள் ஊர் மெக்கானிக் சொல்கிறார். அப்படியா?


பழைய_ஃபோர்மேன்
13 ஜனவரி, காலை 8.30

எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருக்கிறது அம்மா, அதனால் அது சி.ஓ.வைக் குறைக்கத்தான் செய்யும். ஃபெயிலுக்கு அதன் மேல் பழி போட வேண்டாம். ஆனால் பழைய ரப்பர் ஹோஸ், சீல்களை அது ஊறவைத்து இளக்கும். உங்கள் ஜென்னில் பெட்ரோல் ஹோஸ்களை ஒருமுறை தொட்டுப் பாருங்கள், பிசுபிசுப்பாகவோ வெடிப்பாகவோ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

உங்கள் வண்டியிலும் முதலில் நான்கு எண்களையும் எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.


சேலம்_டாக்ஸி
13 ஜனவரி, காலை 9.10

1.1-லேர்ந்து 0.18. அந்த நம்பரைப் பாத்த பிறகு எனக்கும் வாதம் இல்லை. என் ரெண்டு இன்ஜெக்‌ஷன் வண்டியிலயும் பொங்கல் முடிஞ்சதும் தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடறேன்.


மதுரை_எண்ணூறு
18 ஜனவரி, மாலை 6.20

பொங்கலுக்கு ஊருக்குப் போய்ட்டு வந்தோம், போக வர 240 கிலோமீட்டர். மைலேஜ் 16.5. பொண்ணு பின்சீட்டுலயே தூங்கிட்டு வந்தா.

ஐயா கேட்டதுக்கு முன்னாடி பதில் சொல்லலை, சைலன்ஸர்ல தண்ணி வடியற துளை. பாத்தேன், தகட்டுக்கு அடியில அதையும் சேர்த்துத்தான் அடைச்சிருக்காங்க. வண்டியை லேசா தட்டினா உள்ள தண்ணி சலசலங்குது. அந்தத் தகடும் ஓரத்துல விட ஆரம்பிச்சிடுச்சு. நாளைக்குப் புது டப்பாவே போட்டுடறேன், பழைய டப்பாவுல எங்க இருந்ததோ அதே இடத்துல துளை இருக்கான்னு பாத்துத்தான் வாங்கணும்.